பத்துப் பவுணும் ஒரு பங்களாவும்

கேள்வி: அண்மையில் அப்புத்தளை அடிசம் பங்களாவைப் பார்த்து வந்தேன். பத்துப் பவுணோடு இலங்கைக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, அப்படியொரு மாளிகையைக் கட்டி வாழ்ந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் தம்பதியரை நம் பிள்ளைகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டினால் என்ன? (ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் கதையை முழுதாகச் சொல்லிக் காட்டுங்கள். 1887இல் தோட்டத்தொழிலுக்கு வந்திறங்கிய அந்த ஆங்கிலேய இளைஞரின் சட்டைப்பையில் பத்துப் பவுண்தான் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்; அவருடைய தாய்வழிப் பாட்டனாரோ இருமுறை பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. அந்தக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கென வந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் வெறுங்கையோடுகூட வரவில்லை, ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தார்கள். கடனை அடைப்பவரிடம் ஆளையே ஒப்படைக்கும் ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது.

வீட்டின் அழகைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கில்லை. இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில் தாம் பிறந்த ஊரின் பெயரைச் சூட்டி, அங்குள்ள லீட்ஸ் கோட்டையை மனத்தில் கொண்டு, பர்மாத் தேக்கு வரவழைத்து வில்லியர்ஸ் எழுப்பிய அந்தக் கருங்கல் மாளிகையில், அவரும் துரைசாணி எவலினும் புழங்கிய வரவேற்பறையும் நூலகமும், 1960களின் தொடக்கத்தில் அதை வாங்கிய பெனடிக்ட் சபைத் துறவிகளின் பராமரிப்பில் இன்றும் குலையாமல் இருக்கின்றன. (துறவிகள் விற்கும் ஜாமை நானும் வாங்கி உண்டிருக்கிறேன், குறை சொல்ல ஏதுமில்லை.)

ஆனால் அது கட்டி முடிந்த ஆண்டு 1931 என்பதைக் கவனித்தீர்களா? உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் கூலியில் கைவைத்த ஆண்டுகள் அவை. அதே 1931இல்தான், சட்ட நிரூபண சபையில் வில்லியர்ஸைப் போலவே உறுப்பினராக இருந்த கோ. நடேசய்யர், அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைத் தாமே பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். தோட்டத்துக்குள் பேச்சாளர் நுழைய முடியாத காலத்தில் அந்தப் பாட்டுகள் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் லயம் லயமாக நுழைந்தன.

தம்பதியரைத்தான் முன்னுதாரணமாகக் காட்டவேண்டுமென்றால், அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அட்டனுக்கு அழைத்துச் சென்று, இந்த இருவரும் குடியிருந்த வீடு எது என்று நாலு பேரிடம் விசாரித்துப் பாருங்கள். யாராவது கைகாட்டினால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.