அழும் பெண்ணின் முகம் ஏன் சிரிக்கிறது?

கேள்வி: துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஓரடி உயரத்தில் களிமண்ணில் செய்கிறேன். முகத்துக்கே இரண்டு நாள் ஆகிறது. ஆனாலும் சிரிப்பதுபோல் தெரிகிறது. சூளையில் வைத்த இரண்டு சிலைகளிலும் தலை வெடித்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இரண்டு கோளாறுக்கும் மருந்து கழுத்தில் இருக்கிறது. அதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுவோம்.

சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பின்னாலிருந்து கவனித்திருப்பீர்கள். யார் பறிகொடுத்தவர், யார் துக்கம் விசாரிக்க வந்தவர் என்று முதுகே சொல்லிவிடும். அதனால் தலைக்கு வெறும் உருண்டையை வைத்து, கைக்கு அடக்கமாக நாலைந்து மாதிரிகளை மளமளவென்று பிடியுங்கள். முகமில்லாமலே துக்கம் தெரியும் மாதிரியைப் பெரிதாக்குங்கள்.

இத்தாலியின் பொலோஞா நகரில், சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயத்தில், நிக்கோலோ தெல்லார்க்கா 15ஆம் நூற்றாண்டில் சுடுமண்ணில் செய்த ஆளுயர உருவங்கள் இருக்கின்றன. இறந்து கிடத்தப்பட்ட இயேசுவை நோக்கி மகதலேனா மரியாள் ஓடி வருகிறாள். உடை பின்னால் அடித்துப் பறக்கிறது. வாய் அலறித் திறந்திருக்கிறது. அந்தச் சிலையின் படம் கிடைத்தால், அந்த வாயை விரலால் மறைத்துப் பாருங்கள். அலறல் அப்படியே இருக்கும்.

இனி கழுத்து. மண் இறுகி, அழுத்தினால் விரல் பதியாத, ஆனால் ஈரம் போகாத பதத்தில், மெல்லிய கம்பியால் தலையை அறுத்தெடுங்கள். மனம் வராது, அறுங்கள். தலையையும் உடம்பையும் குடைந்து, சுவரை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுவதற்கு முன் தலையைச் சாய்த்தும் திருப்பியும் வைத்துப் பாருங்கள். நேர்கீழாகக் குனிந்தால் வெட்கம்போல் ஆகிவிடும். சற்றே பக்கவாட்டில் திரும்பிச் சரிந்தால் வேறு கதை. பிடித்த சாய்வு கிடைத்ததும் இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி ஒட்டுங்கள். உட்குழிவுக்கு மறைவான இடத்தில் ஒரு துளை வேண்டும். தாங்குவதற்கு உள்ளே கம்பி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் விடும்.

முகத்துக்கு அரை மணி நேரம் போதும். சிரிக்கும்போதும் விம்மும்போதும் கன்னம் மேலேறிக் கண் இடுங்கும். உங்களை ஏமாற்றியது இதுதான். துக்கத்தில் புருவங்களின் உள்முனை மேலெழும், வாயோரம் கீழிறங்கும். இந்த இரண்டை மட்டும் திருத்துங்கள்.

வெடித்ததற்குக் காற்றுக் குமிழியைப் பழி சொல்வார்கள். உண்மையில் கனத்த மண்ணுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உடைக்கிறது. சிலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. சூளையிலும் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் நிறுத்துங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும்; ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரம் கூடாது.

பளபளக்கும் பூச்சு வேண்டாம். அது நுண்ணிய கோடுகளில் தேங்கி, நீங்கள் பாடுபட்டு வைத்த புருவத்தை மூடிவிடும்.

வெடித்த தலைகளின் துண்டுகள் வெந்திருந்தால் எறியாதீர்கள். பொடித்துச் சலித்து, பத்துப் பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு கலந்தால் அடுத்த சிலை குறைவாகச் சுருங்கும். ஈரமும் சீராக வெளியேறும். அய்யனார் குதிரை செய்யும் வேளார்கள் மண்ணில் மணலும் உமியும் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.