எந்த பிசிடி வாங்குவது? முதலில் ஈயத்தை எண்ணுங்கள்

கேள்வி: இதுவரை 25 ஸ்கூபா டைவ் முடித்திருக்கிறேன், எல்லாமே வாடகை ஜாக்கெட் பிசிடியில் (பிசிடி என்பது காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் உடுப்பு; ஜாக்கெட் அதில் சட்டைபோல் உடலைச் சுற்றி வரும் வகை). 5 மி.மீ. வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் நுரை உடை), 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், கடலில் மட்டும். இப்போது சொந்தமாக வாங்க நினைக்கிறேன். நண்பர் பேக்பிளேட் (முதுகில் மாட்டும் உலோகத் தகடு), விங் (அதோடு பொருத்தும் காற்றுப் பை) வாங்கச் சொல்கிறார். கடையிலோ, தூக்குதிறன் அதிகமுள்ள ஜாக்கெட்தான் பாதுகாப்பு என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். நீரில் மூழ்குவதற்காக இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டுகிறீர்கள்? அது சரியான அளவுதானா என்று எப்போதாவது சோதித்துப் பார்த்தீர்களா? பயிற்சியின்போது மாணவர் மேலே மிதந்துவிடக் கூடாதென்று ஓரிரு கிலோ கூட்டிக் கட்டுவது வழக்கம். பலர் அதையே வருடக்கணக்கில் சுமக்கிறார்கள்.

4 கிலோ அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமன் செய்ய பிசிடிக்குள் 4 லிட்டர் காற்று கூடுதலாக இருக்க வேண்டும். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், 10 மீட்டரில் 2 பார். ஆக, 20-இலிருந்து 10-க்கு ஏறுவதற்குள் அந்த 4 லிட்டர் 6 லிட்டராகிவிடும். காற்றை வெளியேற்றாவிட்டால், காற்று ஏற்றும் பொத்தானைத் தொடாமலேயே 2 கிலோ உங்களை மேலே இழுக்கும். "மிதப்பு என் கைக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது" என்று வருந்தும் பலருக்குச் சிக்கல் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. எந்த பிசிடியை வாங்கினாலும் இது கூடவே வரும்.

சோதிப்பது எளிது. டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, மேலே வரும் வழியில் சிறிது நேரம் நிற்கும் 5 மீட்டர் பாதுகாப்பு நிறுத்தத்தில் பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். இயல்பாக மூச்சு விட்டபடி அங்கேயே நிற்க முடிந்தால் எடை சரி. கீழே இறங்கினால் அடுத்த டைவில் 1 கிலோ குறையுங்கள். டைவின் தொடக்கத்தில் இதைச் செய்தால் விடை தப்பாக வரும், ஏனென்றால் நிறைந்த சிலிண்டரில் இருக்கும் காற்றே ஏறத்தாழ 2.7 கிலோ.

சரி, இப்போது தூக்குதிறன். பிசிடிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ஆழத்தில் நசுங்கும் வெட்சூட் இழக்கும் மிதப்பையும் சிலிண்டர் காற்றின் எடையையும் ஈடுகட்டுவது. வெட்சூட்டின் மிதப்பை நீங்களே அளக்கலாம்: நனைத்து, காற்றுக் குமிழிகளைப் பிழிந்துவிட்டு, அது மூழ்கும்வரை ஈயத்தைக் கட்டுங்கள். 6 கிலோ வந்தால், 30 மீட்டரில் 4 கிலோவுக்கு மேல் போய்விடும் என்று கொள்ளுங்கள். அதோடு காற்றின் 2.7 கிலோவைச் சேர்த்தால் சுமார் 7 கிலோ. இன்னொரு வேலை, நீங்கள் கழற்றிவிட்டாலும் நிறைந்த சிலிண்டர், ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), பிசிடியில் இருக்கும் ஈயம் எல்லாவற்றையும் மேற்பரப்பில் மிதக்க வைப்பது. உங்கள் அமைப்பில் இதற்கும் 10 கிலோவைத் தாண்டுவது அரிது. இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படாது, ஆகவே 13 முதல் 15 கிலோ தூக்குதிறன் தாராளம். அதற்கு மேல் பெரிய பை வாங்கினால் காற்று அங்குமிங்கும் ஓடும், நீரில் இழுவையும் கூடும்.

இனி வகை. ஜாக்கெட்டில் மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்பது சுகம். ஆனால் அதன் மெத்தைத் துணிகளே கொஞ்சம் மிதக்கும், அதை மூழ்கடிக்கவும் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். விங்கில் காற்று முழுவதும் முதுகுப் பக்கம் இருப்பதால் நீருக்கடியில் உடல் கிடைமட்டமாக நிற்கும், மார்பும் இறுகாது. மேற்பரப்பில் அதிகம் ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். எஃகு பேக்பிளேட் 2.5 முதல் 3 கிலோ இருக்கும், அதனால் இடுப்பு ஈயம் பெருமளவு குறையும். ஆனால் அவசரத்தில் அதைக் கழற்றி எறிய முடியாது. எறியக்கூடிய ஈயம் கொஞ்சமாவது பெல்ட்டில் இருக்கட்டும். விமானத்தில் அடிக்கடி கொண்டுபோவீர்கள் என்றால் எடை குறைந்த அலுமினிய பிளேட்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எஃகு பிளேட்டும் சிறிய விங்கும் எடுப்பேன். ஆனால் ஒரு டைவாவது இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஜாக்கெட்தான் பிடிக்கிறது என்றால் வெட்சூட்டோடு போட்டு, முழுக்க ஊதி, மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். விலா நெருக்கினால் வேண்டாம். காலி செய்தபின் தோள் பக்கம் மேலே ஏறினால் அளவு பெரிது. கீழ்ப்புறக் காற்று வால்வின் கயிறு தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டும். இன்ஃப்ளேட்டர் குழாயை (சிலிண்டரிலிருந்து பிசிடிக்குக் காற்று தருவது) ஒரே கையால் கழற்ற வர வேண்டும். பொத்தான் சிக்கிக்கொண்டு காற்று ஏறிக்கொண்டே போனால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

வாங்கியதும் முதல் டைவை ஆழம் குறைந்த இடத்தில் வைத்து, முடிவில் அதே 50 பார் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய ஜாக்கெட்டுக்குக் கட்டிய ஈயம் புதியதற்குப் பொருந்தாது. வந்த எண்ணை டைவ் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் எந்த வெட்சூட், எந்த சிலிண்டர் என்பதையும்.