சாட்சி சொன்ன பிறகு திரும்பி வந்த இருட்டு

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 43. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியும் எடுக்கிறேன். அப்பா தவறி ஒரு வருஷம் ஆன பிறகும் என்னால் தேறிவர முடியவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கமே போகாமல் நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்காரர்தான் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதத்தில் நன்றாகிவிட்டேன். மறுபடி பாடகர் குழுவில் ஆல்டோ குரலில் பாடினேன்.

அந்தச் சமயத்தில் மதினி என்னை ஒரு உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் சபை இல்லை, தனி ஊழியம். "இன்னும் மாத்திரை போடுகிறாயா? அப்போ யாரை விசுவாசிக்கிறாய்?" என்று ஊழியக்காரர் மைக்கிலேயே கேட்டார். வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது என்றும் சொன்னார். அத்தனை பேர் முன்னால், கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார், இனி மாத்திரை வேண்டாம் என்று சாட்சி சொன்னேன். அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அன்று ராத்திரியே மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன்.

மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஒரு உணர்வு. இரண்டு வாரத்தில் அது போய்விட்டது. ஆனால் இப்போது, இரண்டு மாதம் கழித்து, பழைய இருட்டு வந்துவிட்டது. ஜெபிக்க வாய் வரவில்லை. தேவ சமுகத்தில் பொய்ச் சாட்சி சொன்னதற்குத் தண்டனையா இது? மறுபடி டாக்டரிடம் போனால் மதினி முகத்தில் எப்படி விழிப்பேன்? சில ராத்திரி, விடியாமலே போனால் தேவலை என்று இருக்கிறது.

— பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேராகவே கேட்கிறேன்: விடியாமல் போனால் தேவலை என்பதோடு நிற்கிறதா, இல்லை, எப்படிச் சாகலாம் என்றும் யோசனை ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் இன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த யோசனை இல்லை என்றாலும் இந்த வாரமே பழைய டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டை வைத்து நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

சரி, நடந்தது என்ன? இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நீங்கள் ஒரே ராத்திரியில் நிறுத்திவிட்டீர்கள். மூன்றாம் நாள் ஷாக் அடித்தது அதனால்தான். இரண்டு மாதம் கழித்து வந்த இருட்டு வேறு: முழுதாக ஆறாத நோய் திரும்பியிருக்கிறது. தைராய்டு மாத்திரையை நிறுத்தினவருக்கு உடம்பு வீங்கினால் தண்டனை என்றா சொல்வோம்?

பொய்ச் சாட்சி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மேடையில் நின்றபோது நீங்கள் உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தீர்கள், ஆல்டோ பாடிக்கொண்டிருந்தீர்களே! கர்த்தர் சுகம் தந்தார் என்றதிலும் தவறில்லை. மாத்திரை வழியாக அவர் தரமாட்டார் என்பது அந்த ஊழியக்காரர் சேர்த்துக்கொண்டது. எனக்குக் கோபம் அவர்மேல்தான். மருந்தை நிறுத்தச் சொன்னவர் அடுத்த ஊர் மேடைக்குப் போய்விட்டார். ராத்திரி விழித்துக் கிடப்பது நீங்கள்.

1 இராஜாக்கள் 19ஐ ஓய்வுநாள் பள்ளியில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, கொஞ்ச நாளில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். உங்கள் கடைசி வரிதான் அது. தூதன் வந்து மறைவான பாவம் எது என்று விசாரிக்கவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள்.

உங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே, வலியோடு கிடந்தார். ஏறக்குறைய 20 வருஷம். அந்த அறைக்குள் போய், உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மதினியிடம் சண்டை வேண்டாம். அவர் உங்கள்மேல் பாசத்தில்தான் கூட்டிப்போனார். "டாக்டர் தொடரச் சொல்கிறார், எனக்காக ஜெபியுங்கள் மதினி" என்பது போதும். வீடியோவை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் ஒருமுறை கேட்கட்டும். எடுக்காவிட்டால் அதன் பின்னால் ஓட வேண்டாம். உங்கள் சேகர குருவானவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். உங்களைப்போல எத்தனை பேர் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

ஜெபிக்க வாய் வராவிட்டால் கொஞ்ச நாள் விடுங்கள். சங்கீதம் 88 இருக்கிறது. "என் இரட்சிப்பின் தேவனே" என்று தொடங்கினாலும் கடைசி வரிவரை இருட்டுத்தான், ஆறுதலாக ஒரு முடிவுகூடக் கிடையாது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். முடிந்தால் வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருங்கள்.

டாக்டரைப் பார்த்ததும் எழுதுங்கள். அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

— அக்கா