வாங்கிய மூன்றே வாரத்தில் அறுந்த ஸ்போர்ட்ஸ் பேக்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி முடிந்ததும் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் காரைக்குடி போய் ஹாக்கி பயிற்சி எடுக்கிறாள். அவளுக்கு வாங்கிய ஸ்போர்ட்ஸ் பேக்கின் தோள்பட்டை மூன்றே வாரத்தில் அறுந்துவிட்டது. ஷூ நாற்றம் துணியிலும் ஏறுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். அடுத்ததாக எப்படிப்பட்ட பை வாங்கலாம்?
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: முதலில் பணத்தைக் கேளுங்கள் அம்மா, நாள் கடத்த வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லையும் அறுந்த இடத்தின் போட்டோவையும் வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.

சரி, அடுத்த பை. கடைக்குப் போகும் முன் மகள் கொண்டுபோகும் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்லுங்கள்: ஸ்டிக், ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் காப்பு), ஷூ, தண்ணீர் பாட்டில், மாற்று உடை, புத்தகங்கள். பை தயாரிக்கிறவர்களே இப்படிப் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் துணியை வெட்ட வேண்டும். பலர் செய்வதில்லை, பிள்ளைகள் தோள் வலியோடு அலைகிறார்கள். ஹாக்கி ஸ்டிக் ஏறக்குறைய 36 அங்குலம். பக்கவாட்டில் செங்குத்தாகச் செருகி, மேலும் கீழும் பட்டையால் இறுக்க வசதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டமான பஸ்ஸில் யார் முகத்திலாவது இடிக்கும்.

ஷூவுக்குப் பையின் அடியில் தனி அறை வேண்டும், அதில் வலை வைத்த காற்றுவழியும் வேண்டும். வியர்வை ஈரத்தில் பாக்டீரியா பெருகுவதால்தான் நாற்றமே. ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால், வெளித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் உள் ஈரமும் வெளியேறாது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி மெல்லிய ஜிப்பைச் சீக்கிரம் இறுக்கிவிடும். பல் பெரிதாக உள்ளது தாங்கும்.

துணிக்கு 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் போதும். கடைக்காரர்கள் அந்த எண்ணைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் பை அறுவது துணியில் இல்லை, தோள்பட்டை வந்து சேரும் இடத்தில். அங்கே சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தையல் இருக்கிறதா என்று பட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒற்றை வரித் தையலா, வாங்காதீர்கள்.

அப்புறம் எடை. 2020 பள்ளிப் பை கொள்கை சொல்வது உடல் எடையில் 10 சதவீதம். 45 கிலோ பெண்ணுக்கு நாலரை கிலோதான். புத்தகங்களும் சேர்ந்தால் பை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பயிற்சி நடக்கும் இடத்திலேயே ஸ்டிக்கையும் ஷின் கார்டையும் வைத்துவிட்டு வர முடியுமா என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள்.