வாட்ச் சொல்கிற கலோரியும் தட்டில் விழுகிற இட்லியும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. போன வருஷம் சுகர் பார்டர்லைனில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். மகன் ஒரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். தினமும் பத்தாயிரம் அடி. குறைந்தால் ராத்திரி பத்தரை மணிக்கு ஹாலுக்குள்ளேயே நடந்து முடித்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ரசம், பொரியல், இரவு இரண்டு சப்பாத்தி, அவ்வளவுதான் சாப்பாடு. 66 கிலோவிலிருந்து 60க்கு வந்தேன், அப்புறம் நான்கு மாதமாக முள் அசையவில்லை. வாட்ச் தினமும் 480 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா? இன்னொன்று, எடை குறைந்த பிறகுதான் மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுவிடுகிறது. முன்பு நானே தூக்கி வைத்த தண்ணீர் கேனை இப்போது நகர்த்தக்கூட முடியவில்லை. வீட்டிலேயே வெயிட் தூக்கிப் பழகலாமா என்று கேட்டால், "பொம்பளைக்கு எதுக்கு அது, உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிரும்" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அசையாத முள் இல்லை, அந்தத் தண்ணீர் கேன்தான். சாப்பாட்டை மட்டும் குறைத்து, நடை மட்டும் நடந்து எடையைக் குறைக்கும்போது போவது கொழுப்பு மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குறைகிற எடையில் சுமார் கால் பங்கு தசை முதலான கொழுப்பில்லாத பகுதியாகப் போய்விடுவது சாதாரணமாக நடப்பது. புரதம் போதாமல், தசைக்கு வேலையும் தராமல் இருந்தால் இன்னும் கூடப் போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். சுகருக்குப் பயந்து நடக்க ஆரம்பித்த நீங்கள் அந்தத் தசையையே இழந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் என் பயம். தொடை துவள்வதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் ஒரு தடவை டாக்டரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் நம் பெண்கள் ரத்தசோகையோடு வருஷக்கணக்கில் நடமாடிக்கொண்டிருப்பார்கள், சோர்வு என்றால் வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள்.

சரி, வாட்ச். கையில் கட்டியிருப்பதற்கு அடியில் பச்சை விளக்கு மினுங்குமே, அது தோலுக்குள் ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை வைத்து நாடியை எண்ணுகிறது. அதை ஓரளவு நன்றாகவே செய்கிறது. அடிகளைக் கை ஆடுவதை வைத்து எண்ணுகிறது, அதனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சில அடிகள் விட்டுப்போகும், துணி துவைத்தால் சில அடிகள் கூடும். ஆனால் கலோரியை எந்த வாட்சும் நேராக அளப்பதில்லை. உங்கள் வயது, எடை, நாடித்துடிப்பு, அசைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஊகம் சொல்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னன. கலோரியில் இருப்பதிலேயே துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். உங்கள் 480இல் 27 சதவீதம் என்றால் 130 கலோரி, எண்ணெய் விட்டுச் சுட்ட ஒரு தோசை அது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் நடந்தாலே ஏறக்குறைய 200, 250 கலோரிதான் செலவாகும், அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு செலவழித்திருக்கும் ஐம்பது அறுபது உள்ளே சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று முடிவு செய்யவே கூடாது. வாட்சின் செட்டிங்கில் போய் முகப்பிலிருந்து கலோரியை எடுத்துவிடச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம்.

வாட்ச் கட்டினால் எடை குறையும் என்பதற்கும் பெரிய உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் இளம் வயதினரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாமல் வழக்கமான முறையில் சாப்பாடும் உடற்பயிற்சியும் பார்த்துக்கொண்டவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்.

அந்தப் பத்தாயிரம் இருக்கிறதே, அது எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியிலிருந்து வந்தது. 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சராசரியாக 72 வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தபோது, தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது, 7,500க்கு மேல் போனபிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள்தான். ஆனாலும் ராத்திரி பத்தரை மணிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஹாலுக்குள் நடந்து ஒரு எண்ணை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். இலக்கை ஏழாயிரத்துக்கு இறக்குங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, உடனே பதினைந்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டதும் நடக்கிற சிறு நடை சுகரைத் தணிக்கும்.

இப்போது தட்டு. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இட்லியில் நான்கு கிராம் புரதம், சோறு ரசம் பொரியலில் ஏழெட்டு, சப்பாத்தியில் ஆறு, நடுவில் டீயோ மோரோ, எப்படித் தட்டிக்கொட்டினாலும் நாளைக்கு 25 கிராம் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது, உங்களுக்கு அது 50 கிராம். பாதியில் நிற்கிறீர்கள். நம் வீடுகளில் இதுதான் பெரிய குறை: அரிசியைக் குறைக்கிறோம், அந்த இடத்தில் ஒன்றையும் வைப்பதில்லை. இரண்டு இட்லியோடு, முட்டை சாப்பிடுவீர்களானால், இரண்டு வேகவைத்த முட்டை, பன்னிரண்டு கிராம். மதியம் ரசத்துக்குப் பதில் கெட்டியாகப் பருப்பு அல்லது மீன் குழம்பு. சாயந்திரம் டீயோடு பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் பத்துப் பன்னிரண்டு கிராம் கிடைக்கும். இரவு சப்பாத்திக்குப் பன்னீரோ மீல்மேக்கரோ போட்ட குருமா. இதற்குப் புரோட்டீன் பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வெயிட்? தாராளமாகத் தூக்குங்கள். ஆனால் யூடியூபில் குதிக்கிற வீடியோவில் தொடங்க வேண்டாம், உங்கள் தொடை இப்போது அதற்குத் தயாராக இல்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதி இடத்தில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியட்டும், கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். மறுபடி உட்காரும்போதுதான் கவனிக்க வேண்டும்: தொப்பென்று விழாமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொடை முன்பக்கம் காந்தும், அந்த இறக்கத்தில்தான் வேலை நடக்கிறது. எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. அது சுலபமானதும் மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அதற்கப்புறம் நாற்காலியை எடுத்துவிட்டால் அதுதான் நம் பஸ்கி. சுவரில் கை ஊன்றித் தண்டால், படியில் நுனிக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, அதே மஞ்சப்பையை ஒரு கையால் இடுப்புவரை இழுப்பது, இந்த நான்கும் போதும். வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் தொடை வலித்தால் பயப்படாதீர்கள். மூட்டுக்குள் குத்தினால் நிறுத்துங்கள்.

வாட்சில் ஒன்றைத் தொடர்ந்து பாருங்கள், ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு. சில மாதங்களில் அது மெல்ல இறங்கினால் இதயம் தேறுகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எடையை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும், அதைவிட இடுப்பை அளப்பது மேல். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3, ஆனால் உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற உடம்பு நம்முடையது. அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு: ஆண்களுக்கு அப்படித் தசை திரள்வதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு, பெண்களுக்கு அது மிகக் குறைவு. மஞ்சப்பை அரிசியைத் தூக்கி யாரும் ஆம்பளை மாதிரி ஆனதில்லை. மாதவிடாய் நிற்கிற காலத்தில் எலும்பு தேயாமல் காக்க இந்தப் பயிற்சி உதவும் என்று அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் டேப்பை எடுத்து அவர் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு வரம்பு 90 சென்டிமீட்டர். தாண்டியிருந்தால் இன்னொரு நாற்காலி போடுங்கள்.

அன்புடன்,
அக்கா