தொண்ணூறு வயதுப் பாட்டி ஊசி நூலை விட மறுக்கிறார், விடச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 90 வயது. நாள் முழுக்க எம்பிராய்டரி, குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) என்று எதையாவது கையில் வைத்திருக்கிறார். கண் போய்விடும், விரல் வலிக்கும் என்று வீட்டில் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். நிறுத்தச் சொல்வது சரிதானா?

தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி 96 வயது வரை இருந்தார். கடைசி வருடம் வரை கையில் நூல் இருந்தது. வயது ஏற ஏற வேலைதான் மாறியது, ஊசி கனமானது, துணியின் கட்டங்கள் பெரிதாயின. உங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்: ஊசியைப் பிடுங்காமல், வேறு ஊசியாக மாற்றிக் கொடுங்கள்.

முதலில் கண் விஷயம். நுணுக்கமான வேலை செய்வதால் கண் கெட்டுப்போவதில்லை. கண் களைத்துப் போகும், எரியும், தலை வலிக்கும், அவ்வளவுதான், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். வயதானவர்களுக்கு உண்மையான பிரச்சினை வெளிச்சம். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. உங்களுக்குப் பளிச்சென்று தெரியும் அறை பாட்டிக்கு அந்திப் பொழுது மாதிரி. திட்டுவதை விட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் ஒரு நல்ல விளக்கை வையுங்கள்.

இனி என் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் பாட்டி ஏன் விட மறுக்கிறார் என்பது அதில் புரியலாம்.

அவர் ஆசைப்பட்டு ஊசி பிடித்தவர் இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு பட்டாளமே இருந்தது. கிழிந்ததை ஒட்டுப் போடுவது, பொத்தான் மாற்றுவது, பெரிய மாமாவின் சட்டையைப் பிரித்துச் சின்ன மாமாவுக்கு வெட்டுவது என்று இருபது, இருபத்தைந்து வருடம் அதுவே வேலை. சிறிதாகிப்போன ஸ்வெட்டரைத் தூக்கிப் போடவே மாட்டார். தையலைப் பிரித்து, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுக்க அவிழ்ந்து வரும். அந்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். அதைத் தளர்வாகச் சுற்றி, அங்கங்கே கட்டி, நனைத்து, அடியில் ஏதாவது கனமான பொருளைத் தொங்கவிட்டுக் காயவைப்பார். காய்ந்ததும் நூல் நேராகிவிடும். இரண்டு பழைய ஸ்வெட்டர் சேர்ந்து கோடு போட்ட ஒரு புது ஸ்வெட்டர் ஆகும். என் அம்மாவுக்குச் சிறுவயதில் ஒரே நிறத்தில் ஸ்வெட்டரே கிடையாதாம். இன்றைக்கும் கோடு போட்ட துணி என்றாலே முகத்தைச் சுளிப்பார்.

பாட்டியிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. உள்ளே வரவும் இல்லை, செலவும் இல்லை, எல்லாம் உடம்பு அளவுகள். ஆளுக்கு ஒரு பக்கம். மார்பு, தோள், கை நீளம், பக்கத்தில் ஆண்டு. என் பக்கத்தில் பென்சிலில் 'இடது தோள் சற்று இறக்கம்' என்று எழுதியிருந்தார். கண்ணாடி முன் நின்று பார்த்தேன், இறக்கம்தான்! அதுவரை எனக்கே தெரியாது. மருமகளோ மருமகனோ வீட்டுக்கு வந்தால் அந்த வாரமே அவர்களுக்கும் ஒரு பக்கம் திறந்துவிடுவார். எங்கள் வீட்டில் ஒருவரைக் குடும்பமாக ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி அந்தப் பக்கம்தான். கோபித்துக்கொண்டு போன ஒரு சித்தப்பாவின் பக்கத்தைக்கூட அவர் கிழிக்கவில்லை. அளவெடுக்க ஆள் இல்லாத வருடங்களுக்கு அங்கே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் அவர் நாற்காலி பக்கத்தில்தான் நடந்தன. ஏனென்று பிற்பாடுதான் எனக்குப் பிடிபட்டது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பவரிடம் சொல்லத் தயங்குவதை, குனிந்து தைத்துக்கொண்டிருப்பவரிடம் சொல்லிவிடலாம். வேலையை விட்டதை மாமா முதலில் சொன்னது அவரிடம்தான். தலை நிமிரவில்லை. "சரி, அப்புறம்?" என்றார், அவ்வளவுதான். அவரிடம் ஓர் ஆயுதமும் இருந்தது. யாராவது அடுத்தவரைப் பற்றிக் கோள் சொல்ல ஆரம்பித்தால், "இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று கையைக் காட்டுவார். அப்புறம் உதடு அசையும். எண்ணி முடிப்பதற்குள் வந்தவர் கிளம்பிவிடுவார். நிஜமாகவே எண்ணினாரா என்று எங்களில் ஒருவரும் கேட்கத் துணிந்ததில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையெடுத்த பிறகுதான் அழகுக்காக ஊசி எடுத்தார். எம்பிராய்டரி நூல்கண்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்தது. இலை நரம்புக்கு ஒரே இழை, இதழுக்கு இரண்டு, தண்டுக்கு மூன்று என்று பிரித்துக்கொள்வார். மூன்று இழை வேண்டுமென்றால்கூட மூன்றையும் சேர்த்து உருவ மாட்டார். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்தால்தான் சிக்காது, துணியில் படுக்கும்போதும் மினுமினுப்பாக இருக்கும். யார் வேலையைக் காட்டினாலும் முதலில் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே முடிச்சு இருந்தால் ஒரு 'ம்ம்' வரும். அந்த 'ம்ம்'முக்குப் பயந்தே என் அக்கா எம்பிராய்டரியை விட்டாள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் பாட்டி கொஞ்சம் கறார், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குரோஷாவில் அவர் வேறு ஆள். விளையாட்டுப் பிள்ளை. வட்டமாகப் போடும்போது கணக்கு எளிது: சாதாரணத் தையலில் ஆறில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகக் குழியும், அதிகம் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருளும். பாட்டி வேண்டுமென்றே அள்ளிக் கூட்டுவார். கடற்பாசி மாதிரி என்னவோ ஒன்று வரும். இதே வித்தையை வைத்துத்தான் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997-இல், காகிதத்தில் செய்துகாட்டப் படாதபாடு படுத்தும் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பை, குரோஷாவில் போட்டுக் காட்டினார். பாட்டிக்கு இதைப் படித்துச் சொன்னேன். "நான் சும்மா போட்டதுக்கு இவ்வளவு பெரிய பேரா?" என்று கேட்டார்.

அப்புறம் கண்புரை வந்தது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், உங்கள் வீட்டிலும் நடக்கலாம். புரை வரும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். மஞ்சள் லென்ஸ் நீல ஒளியை வடிகட்டிவிடும். கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், நீலமும் பச்சையும் குழம்பும். பாட்டியின் பூக்கள் அந்த வருடங்களில் மெல்ல மெல்ல நிறம் ஏறிக்கொண்டே போயின. இளம் ஊதா வேண்டிய இடத்தில் கண்ணைப் பறிக்கும் நீலம். வயதானால் ரசனை மாறும் போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அறுவை சிகிச்சை முடிந்து வந்து தன் தலையணை உறையையே எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த நீலத்தை யாருடி வச்சது?" என்று அம்மாவைக் கேட்டார். பிரெஞ்சு ஓவியர் மோனேவும் இப்படித்தான் கண்புரையோடு வரைந்து, 1923-இல் அறுவை செய்துகொண்டார். ஆகவே உங்கள் பாட்டியின் நிறத்தேர்வு திடீரென்று விநோதமாகத் தெரிந்தால் கேலி செய்யாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நூல்கண்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிற எண் அச்சிட்டிருக்கும். அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், கண் ஏமாற்றும் நாட்களில் அந்த எண் கைகொடுக்கும்.

ஊசியில் நூல் கோர்ப்பதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூப்பிட வேண்டுமே என்று. அதனால் பள்ளிக்குக் கிளம்பும் முன் பேரப்பிள்ளைகள் வேறு வேறு நிறத்தில் பத்துப் பன்னிரண்டு ஊசி கோர்த்துக் குத்தி வைத்துவிட்டுப் போவோம். அன்றைக்கு முழுக்க யார் தயவும் வேண்டாம். ஊசி வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், காதும் சிறுக்கும். சிறிய எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். கட்டம் எண்ணிப் பெருக்கல் குறி போலத் தைக்கும் கிராஸ் ஸ்டிட்ச் துணியும் அப்படியே. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளதை விட்டு 11 கட்டம் உள்ளதற்கு இறங்கினால் கண்ணுக்குப் பெரிய நிம்மதி.

விரல் மூட்டு வீங்கியபோது எம்பிராய்டரி தானாகக் குறைந்தது. மெல்லிய ஊசியைக் கிள்ளிப் பிடிப்பதுதான் கட்டைவிரலுக்கு அதிக வலி. குரோஷா ஊசியின் கைப்பிடியில் மாமா பஞ்சுக் குழாய் ஒன்றைச் செருகித் தடிமனாக்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சிரமப்பட்டவர் அதை வைத்துக்கொண்டு முழுப் போர்வை போட்டார். இடையிடையே நிறுத்தி விரலை விரித்து மடக்க வேண்டும். அதற்கு மட்டும் சண்டை போட்டே ஆக வேண்டியிருந்தது.

கடைசி இரண்டு வருடம் மறதி. எங்கள் பெயர்கள் மாறிமாறி வந்தன, ஆனால் விரலுக்குக் குரோஷாச் சங்கிலித் தையல் போடத் தெரிந்திருந்தது. பழகிய கைவேலை தனி வகை ஞாபகம். பெயர்களும் தேதிகளும் போன பிறகும் பல பேருக்கு அது வெகுநாள் தங்குகிறது. எண்ண வேண்டிய வேலையைக் கொடுத்தால்தான் பதறினார். எனவே எண்ணிக்கையே இல்லாத, ஒரே தையலில் நேராகப் போகும் நீளப் பட்டையைத் தொடங்கிக் கொடுத்தோம். ஓரத்தில் தையல் கூடியும் குறைந்தும் அது ஓரிடத்தில் கையகலம், இன்னோரிடத்தில் முழ அகலம். யாரும் பிரிக்கவில்லை.

உங்கள் பாட்டியிடம் இன்றைக்கே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செய்யும் ஒவ்வொன்றின் மூலையிலும் ஆண்டைத் தைத்துவிடச் சொல்லுங்கள். என் பாட்டி தனக்குத் திருப்தியானதில் மட்டும் ஆண்டு போட்டார், மற்றதை மொட்டையாக விட்டுவிட்டார். அந்த மொட்டை மேசை விரிப்புகளில் எது யார் கல்யாணத்துக்குப் போட்டது என்று சித்தியும் பெரியம்மாவும் இன்னமும் சந்தித்தால் சண்டைதான்.