பெஞ்சின் உயரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு 'தொழில்நுட்பமும் வடிவமைப்பும்' என்று ஒரு விருப்பப் பாடம் நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். த்ரீ-டி பிரிண்டரும் ரோபோ செய்யும் பெட்டிகளும் வந்துள்ளன. பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுத்து கீ செயின் அச்சடிக்கிறார்கள். எனக்கே அந்த மெஷின் முழுதாகப் பிடிபடவில்லை, அவர்கள் முன்னால் நிற்கப் பயமாக இருக்கிறது. ரோபோட்டிக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ், கிராஃபிக் டிசைன், இவற்றில் எது பின்னால் வேலைக்கு உதவும்? மார்க் குறையும் என்று பெற்றோர் சொல்வதால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானா?

சு.

அன்புள்ள சு.,

உங்கள் கடைசி வரி கோபத்தைக் கிளப்பியது. அது ஆறட்டும் என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், இன்னும் ஆறவில்லை.

நம் மாநிலத்தில் 1978-ல் மேல்நிலைப் படிப்பு வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூட வந்தது. மெஷின் வேலை, மின்சார வேலை, நெசவு, ஆடை வடிவமைப்பு எல்லாம் இருந்தன. நாம் என்ன செய்தோம்? மார்க் குறைந்த பிள்ளைகளை அதில் தள்ளினோம். 'அவன் வொகேஷனலா?' என்று கேட்கிற குரலிலேயே ஒரு பிள்ளையின் தலை குனிந்துபோகும். காந்தி 1937-ல் வார்தாவில் கைத்தொழில் வழியாகக் கல்வி என்று பேசியபோது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் கேட்டார். நீங்களும் அதே தப்பைப் புதுப் பெட்டியோடு செய்யப் போகிறீர்களா டீச்சர்?

அம்பாசமுத்திரம் பக்கம் நான் படித்த பள்ளியில் கைத்தொழில் பீரியட் உண்டு. தச்சு வேலை சொல்லித்தர ஒரு சார் இருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆரம்பப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பெஞ்சு செய்யச் சொன்னார். நாங்கள் எங்கள் பெஞ்சை அளந்தோம், 17 அங்குலம். அதே உயரத்தில் செய்து, இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கி நிறுத்தினோம். சார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். ஆறு கால்களும் அந்தரத்தில் ஆடின. பலகை விளிம்பு தொடையில் அழுத்த, நடுவில் இருந்த பொடியன் நெளிந்து நெளிந்து முன்னால் சரிந்தான். "காலைப் பாருங்கலே" என்றார் சார்.

மறுநாள் எங்கள் கையில் சணல் கயிறு. 30 பிள்ளைகள். பாதத்திலிருந்து முழங்கால் மடங்கும் இடம் வரை பிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு முடிச்சு. ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் 10 அங்குலத்திலிருந்து பன்னிரண்டரை வரை வந்தது. எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பையன் எல்லாவற்றையும் கூட்டி 30-ஆல் வகுத்து, "பதினொன்றே கால் சார்" என்றான். அதைப் பலகையில் எழுதிவிட்டு சார் கேட்டார்: "இந்த உயரத்துல எத்தனை பேருக்குக் கால் எட்டாது?" எண்ணினோம். 14 பேர்.

சராசரிக்குச் செய்தால் பாதி வகுப்பு தொங்கும். நெட்டையானவன் தாழ்ந்த பெஞ்சில் காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வான். குட்டையானவன் உயர்ந்த பெஞ்சில் காலை எங்கே வைப்பான்? ஆகவே உட்காரும் உயரத்துக்குக் குட்டைப் பிள்ளைதான் அளவு. வாசல் நிலைக்கு நெட்டையானவன் அளவு. அலமாரியின் மேல் தட்டுக்கு மறுபடியும் குட்டையானவர். நாற்காலி, பேருந்துப் படி என்று எதை வடிவமைப்பவரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். பெஞ்சை 10 அங்குலத்துக்கு அறுத்தோம்.

அன்றைய வகுப்பு யாருக்கு அதிகம் தேவைப்பட்டது? முதல் மார்க் வாங்கிய அந்தப் பையனுக்குத்தான். கூட்டவும் வகுக்கவும் தெரிந்த அவனுக்கு, எதற்கு வகுக்கிறோம் என்று கேட்கத் தெரியவில்லை.

சார் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தார்கள். பல வருடம் கழித்துப் போனபோது பூட்டிய அறையை ஜன்னல் வழியே பார்த்தேன். ரம்பம் முழுக்கத் துரு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வேலைக்கு எது உதவும் என்ற கேள்வியை விடுங்கள், 14 வயதில் அது எதற்கு? மூன்றில் எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். பெற்றோரிடம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் அந்தச் சணல் கயிற்றிலேயே இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

மெஷினுக்கு ஏன் பயம்? பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் போடுகிற கருவி அது, அவ்வளவுதான். 'எனக்கும் புதுசு, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆசிரியரைப் பிள்ளைகள் கடைசிவரை மறப்பதில்லை. ஆனால் கீ செயினை உடனே நிறுத்துங்கள். யாரோ வரைந்ததை அச்சடிக்க ஜெராக்ஸ் கடை போதும்.

உங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அம்மா பீடி சுற்றுவார். மடியில் சுளகு, கையில் கத்தரி, இலையை ஒரே அளவாக வெட்ட ஒரு தகரத் துண்டு. இலைக்கு அளவு இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்திருக்கும் முதுகுக்கு? பிள்ளைகள் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா எத்தனை தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கிறார் என்று எழுதட்டும். தரையிலிருந்து அவர் முழங்கை வரை கயிற்றில் முடிச்சுப் போடட்டும். சுளகு எந்த உயரத்தில் இருந்தால் கழுத்து நிமிரும் என்று பார்த்து, அட்டையில் ஒரு மணை செய்து வைக்கட்டும். அம்மா 'இது வேண்டாம், தூக்கிட்டுப் போ' என்பார். ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டு மறுபடி செய்யட்டும். நாலாவது அட்டை தேறியதும் பிரிண்டர் சுவிட்சைப் போடுங்கள்.

முடிச்சுப் போட்ட கயிறுகளில் ஒன்றை, யார் வீட்டில் அளந்தது என்று ஒரு சீட்டு கட்டி, எனக்கு அனுப்பிவையுங்கள்.